அறுநூறு மணி நேர கேபிள்

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்:

பல் டாக்டர். வீட்டுக்காரர். கிளினிக்கில் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்கிறவர். வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் பிடிக்காதவர்.

டீச்சர். அவருடைய மனைவி. பள்ளியில் கணக்குப் பாடம். துப்பறிவாளருக்கு போன் செய்தது இவர்தான்.

டாக்டரின் தங்கை. குடியிருப்பது மாடியில், கண்ணும் காதும் கீழ்வீட்டில்.

துப்பறிவாளர். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருடம் உடைந்த இயந்திரங்களைப் பார்த்தவர். இப்போது உடைந்த மனிதர்களைப் பார்க்கிறார். இயந்திரங்கள் குறைவாகப் பொய் சொல்லும் என்பார்.

ரேடியோ. அவருடைய உதவியாளன். முன்னாள் பஸ் கண்டக்டர். பட்டப்பெயர் ஏன் வந்தது என்று ஐந்து நிமிடம் கூட இருந்தால் தெரியும்.

இவர்கள் தவிர, ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், ஒரே ஒரு நாற்காலி, ஒரு ஜோடி கேபிள்.

அந்த கேபிள் தரையில் கிடக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒன்பது சின்ன மரக்கட்டைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு கட்டையின் தலையிலும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளங்களில், கட்டைவிரல் பருமனில் நீலத் துணி போர்த்திய கேபிள் படுத்திருந்தது.

"இந்த வயரா சார் பிரச்சினை?" என்றான் ரேடியோ.

"வயர் இல்லை. கேபிள்."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"கேக்கத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

"அப்ப எனக்கு வயர்தான்," என்று ரேடியோ ஒத்துக்கொண்டான்.

டாக்டர் துப்பறிவாளர் பக்கம் திரும்பினார். "புதுசா வந்த கேபிள் முரட்டுத்தனமா இருக்கும் மேடம். அதுல அறுநூறு மணி நேரம் பாட்டு ஓடணும். அப்பதான் உள்ள இருக்கற செம்பு பழகும், சத்தம் மலரும். பழகினதுக்கு அப்புறம் தூக்கக்கூடாது, வளைக்கக்கூடாது. தொட்டா கலைஞ்சுடும். மறுபடி படிய நாலு நாள். சில சமயம் படியவே படியாது."

"தொட்டே ஆகணும்னா?"

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து, கிளினிக்கில் போடும் ரப்பர் கையுறை ஒன்றை எடுத்து மாட்டிக் காட்டினார். வெள்ளைப் பவுடர் அவருடைய கறுப்பு பேண்ட்டில் உதிர்ந்தது. "விரல்ல எண்ணெய் இருக்கு. வெறுங்கையால நானே தொட மாட்டேன்."

வாசலில் நின்ற டீச்சர் வாயைத் திறந்தார். "போன மாசம் எனக்கு நாலு நாள் ஜுரம். நெத்தியில கை வெச்சுப் பாக்க இவருக்கு நேரம் இல்லை. இதுக்குக் கையுறை."

"பாத்தீங்களா?" என்றாள் தங்கை. "இந்தப் பேச்சுதான். அண்ணிக்கு அந்தக் கேபிளைக் கண்டாலே ஆகாது. வெள்ளிக்கிழமை காலைல மாப்பும் கையுமா இந்த வாசல்ல நின்னாங்க. நான் மாடிப்படியில இருந்து என் கண்ணால பாத்தேன்."

"அன்னைக்கு சாயங்காலம் நான் பாட்டுப் போட்டேன்," என்றார் டாக்டர். "செத்துப்போயிருந்தது. சத்தம் வருது, உயிர் இல்லை. ரெண்டு வாரமா எப்படி இருந்தது தெரியுமா? பாடறவங்க மூச்சு இழுக்கறது கேட்டுது. எல்லாம் போச்சு. மாப்பால இடிச்சுத் தள்ளிட்டு, எடுத்து வெச்சிருக்கா."

"நான் வராந்தாவைத் துடைச்சேன்," என்றார் டீச்சர். "உள்ளே கால் வைக்கலை. மேடம், எனக்கு இந்த ரூமைப் பார்த்தா வயிறு எரியும். மறைக்க என்ன இருக்கு? பதினோரு வருஷத்துல இவர் எனக்காக இங்க இன்னொரு நாற்காலி போடலை. ஆனா தொடலை. தொட்டிருந்தா, ஆமா தொட்டேன், என்ன இப்போன்னு கேட்டிருப்பேன்."

அது உண்மை என்று துப்பறிவாளருக்குத் தோன்றியது. குற்றத்தை மறைக்கிறவர்கள் முதலில் பொறாமையை மறைப்பார்கள்.

கூடத்தில் ஒரு பெட்டி கட்டி வைக்கப்பட்டிருந்தது. டாக்டரின் தீர்ப்பு காலையிலேயே வந்துவிட்டது. தொட்டதை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் டீச்சர் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட வேண்டும். தம்பி ஐந்து மணிக்குக் காரோடு வருகிறான்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்," என்றார் டீச்சர். "நான் தொடலைன்னு காட்டிக் கொடுங்க. 'தப்பு என் மேல'ன்னு இவர் வாயால ஒரு வார்த்தை வரட்டும். பெட்டியை நானே பிரிச்சுடறேன்."

 துப்பறிவாளர் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டி, மரக்கட்டை வரிசையைப் பார்த்தார்.

"மேடம் இப்படிப் படுத்தா, யாரோ எழுந்திரிக்க முடியாமப் போகப்போறாங்கன்னு அர்த்தம்," என்றான் ரேடியோ.

"டாக்டர், இந்தக் கேபிளை நீங்க துடைப்பீங்களா?"

"மாட்டேன். தேய்ச்சா துணியில மின்சாரம் ஏறும்."

"கட்டைகள் மேல ஒரு மாசத் தூசி இருக்கு. கேபிள் மேல ஒரு துளி இல்லை." எழுந்து உட்கார்ந்தார். "மாப் பட்டிருந்தா கட்டை உருண்டிருக்கும், தூசி கலைஞ்சிருக்கும். பதினெட்டுக் கட்டையும் அணிவகுப்பு மாதிரி நிக்குது. யாரோ கேபிளை ரெண்டு கையால தூக்கியிருக்காங்க. சுத்தமா துடைச்சு, அதே பள்ளத்துல மெதுவா படுக்க வெச்சிருக்காங்க. இதை வெறுக்கறவங்க செய்யற வேலையா இது?"

"கேபிள் பழகறதை நீங்க நம்பறீங்களா?" டாக்டரின் குரலில் சின்ன நம்பிக்கை.

"நான் நம்ப வேண்டியதில்லை. நம்பறவங்க எப்படி நடந்துப்பாங்கன்னு தெரிஞ்சா போதும். உங்க தொழில் கண்ணாடி வீட்டுல இருக்கா? வாய்க்குள்ள விட்டுப் பாக்கறது."

இருந்தது. நீண்ட கம்பியின் நுனியில் இருந்த அந்த வட்டக் கண்ணாடியை ஆம்ப்ளிஃபயரின் முதுகுப்பக்கம் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார் துப்பறிவாளர். கேபிளின் நுனிகளைக் கவ்விப் பிடித்திருந்தன நான்கு பெரிய திருகுகள். ஒவ்வொரு திருகின் தலையிலும் மெல்லிய சிவப்புக் கோடு. திருகில் தொடங்கி அதன் அடித் தகடு வரை நேராக இறங்கியிருந்தது.

"சிவப்பா கோடு போட்டது யாரு?"

"நெயில் பாலிஷ்!" என்றாள் தங்கை. "வேற யாரு? அண்ணிதான்."

டீச்சர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். நகங்களில் சாக்பீஸ் தூள்தான் இருந்தது. ரேடியோ தங்கையின் பத்துச் சிவப்பு நகங்களைப் பார்த்தான். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"பயப்படாதீங்க," என்றார் துப்பறிவாளர். "இது நகத்துக்குப் போடற சாயம் இல்லை. நான் இதை ரெண்டு தடவை பாத்திருக்கேன். ரெண்டும் விமானக் கொட்டகையில. ஒரு திருகை இறுக்கி முடிச்சதும், திருகு மேலயும் தகடு மேலயும் சேர்த்து ஒரு கோடு இழுப்பாங்க. அப்புறம் திருகு துளி நகர்ந்தாலும் கோடு ஒடிஞ்சு தெரியும். விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி ஓடி ஓடித் தொட்டுப் பாக்க வேண்டாம். கண்ணால பாத்தா போதும். வருஷக்கணக்கா இதே வேலை செஞ்ச கை, வீட்டுக் குழாயை இறுக்கினாக்கூட கோடு போட்டுட்டுத்தான் ஓயும்."

 டாக்டரின் முகம் வெளுத்தது.

"விட்டுடலாம் மேடம்," என்றார். "ஒரு கேபிளுக்காக இவ்வளவு தூரம் வேண்டாம். அவ தெரியாம தொட்டிருப்பா. நான் மன்னிச்சுட்டேன்."

"மன்னிக்க நான் என்ன செஞ்சேன்?" என்றார் டீச்சர். பிறகு துப்பறிவாளரிடம், "இவரோட சிநேகிதர் ஒருத்தர் இருக்கார். விமான மெக்கானிக். சனிக்கிழமை தவறாம பாட்டுக் கேக்க வருவார். இந்த வியாழக்கிழமை மத்தியானமும் வந்தார். இவர் கிளினிக்ல இருந்தார். 'ஒரு டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துட்டு, ஒரு பாட்டுக் கேட்டுட்டுப் போறேன்'னார். எப்பவும் வர்றவர்தானேன்னு நான் பரீட்சைப் பேப்பர் திருத்திட்டு இருந்தேன்."

"கையில ஏதாவது இருந்ததா?"

"பெரிய வட்டமா ஒரு பை. வரும்போதும் இருந்தது, போகும்போதும் இருந்தது. தளும்பத் தளும்ப தண்ணி கொண்டுபோற மாதிரி ரெண்டு கையால ஏந்திட்டுப் போனார்."

"திருடன் சுருட்டிக் கக்கத்துல வெச்சுட்டுப் போயிருப்பான்," என்றான் ரேடியோ. "வளைச்சா கெட்டுடும்னு பயந்தவன் மட்டும்தான் ஏந்திட்டுப் போவான்."

துப்பறிவாளர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "இன்னைக்கு ஒரு தடவை உருப்படியாப் பேசிட்டே. போதும். கிளம்பு."

*

மெக்கானிக்கின் வீடு இருபது நிமிட நடை. நான்கு மாடி, லிஃப்ட் இல்லை.

"என்கிட்டயும் ஒரு ஹெட்போன் இருக்கு மேடம்," என்றான் ரேடியோ, மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டே. "வலது பக்கம் கேக்காது. ஏழு வருஷமாப் பழக்கறேன். இன்னும் பழகலை."

கதவைத் திறந்தவருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. சட்டைப் பையில் மூன்று ஸ்க்ரூ டிரைவர். அவர்களைப் பார்த்ததும், யார் என்றுகூடக் கேட்காமல் வழிவிட்டார்.

ஒரே அறை. படுக்கை, அடுப்பு, புத்தக அலமாரி எல்லாம் அதிலேயே. எதிர்ச் சுவரில் அவரே மரம் அறுத்துச் செய்த இரண்டு குட்டி ஸ்பீக்கர். அவற்றுக்குப் போகும் நீல கேபிள், டாக்டர் வீட்டில் இருப்பதற்கு இரட்டைப் பிறவி. அதுவும் கட்டைகள் மேல்தான் படுத்திருந்தது. இங்கே கட்டைகளுக்குப் பதில் தீப்பெட்டிகள்.

"பாட்டு ஓடுதே, நிறுத்தட்டுமா?" என்றார் மெக்கானிக்.

"வேண்டாம். எனக்கு உங்க ஆம்ப்ளிஃபயரோட முதுகு மட்டும் போதும்."

துப்பறிவாளர் பல் கண்ணாடியைக் கையோடு எடுத்து வந்திருந்தார். பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை ரேடியோவிடம் கொடுத்தார்.

"என்ன தெரியுது?"

"நாலு திருகு. சிவப்புக் கோடு." ரேடியோ கண்ணைச் சுருக்கினான். "ரெண்டு ரெண்டு கோடு மேடம். ஒண்ணு பழசு, வெளுத்துப்போச்சு. அது ஒடிஞ்சிருக்கு. மேல பாதி இந்தப் பக்கம், கீழ பாதி அந்தப் பக்கம். இன்னொண்ணு புதுசு, நேரா இருக்கு." விரலை விட்டுத் தடவினான். நுனியில் வெள்ளையாக ஒட்டியது. "திருகு இடுக்குல என்னவோ மாவு மாதிரி இருக்கு."

"மாவு இல்லை. கையுறைப் பவுடர்."

ரேடியோ வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

துப்பறிவாளர் மெக்கானிக்கின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க திருடன்னு நினைச்சுத்தான் நாலு மாடி ஏறினேன். தப்பு. உங்க பழைய கோட்டை ஒடிச்சது ரப்பர் கையுறை போட்ட கை. டாக்டர் இங்க வந்து உங்க கேபிளை எடுத்துட்டு, அவரோடதை மாட்டிட்டுப் போயிருக்கார். வியாழக்கிழமை நீங்க போய் எடுத்துட்டு வந்தது உங்க சொந்த கேபிளை."

"ஆமா," என்றார் மெக்கானிக்.

"அவருக்கு இந்த வீட்டுச் சாவி எப்படிக் கிடைச்சது?"

"நான்தான் கொடுத்தேன்." பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். "ரெண்டு ஜோடியும் ஒரே ஆள் ஒரே நாள்ல செஞ்சது. போன வருஷம் ஆளுக்கு ஒண்ணு வாங்கினோம். அவன் ஒரு மெஷின்ல போட்டு ஒரே மாசத்துல பழக்கிட்டான். மழை மாதிரி ஒரு இரைச்சல் ராத்திரி பகலா ஓடும், அவ்வளவுதான். நான் பாட்டுலயே பழக்கினேன். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். வருஷம் பூரா. கடைசி நாப்பது மணி நேரம் இருக்கும்போது பத்து நாள் வெளியூர் டியூட்டி போட்டுட்டாங்க. நடுவுல விடக்கூடாதே. 'தினம் வந்து நாலு மணி நேரம் ஓட விடுடா'ன்னு அவன்கிட்ட சாவியைக் கொடுத்துட்டுப் போனேன். எங்களுக்குள்ள அது வழக்கம். ஊருக்குப் போறவங்க பக்கத்து வீட்டுல செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்ற மாதிரி."

"தண்ணி ஊத்த வந்தவர் செடியைப் பிடுங்கிட்டாரு," என்றான் ரேடியோ.

"திரும்பி வந்த அன்னைக்கே கோடு ஒடிஞ்சிருக்கறதைப் பாத்துட்டேன். சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனா, எல்லார்கிட்டயும் சொல்றான், 'என் கேபிள் இப்பதான் வாயைத் திறந்திருக்கு, கேளுங்க'ன்னு. நானும் கேட்டேன். கை தட்டினேன்."

"ஏன் அப்பவே கேக்கலை?"

மெக்கானிக் தன் விரல்களைப் பார்த்தார். "மேடம், நாங்க பள்ளிக்கூடத்துல இருந்து சிநேகிதம். அவன் வீடு பெருசு. ஸ்பீக்கர் பெருசு. அவன் எது வாங்கினாலும் நான் பாத்துட்டு வந்து ராத்திரி தூங்காம புரண்டிருக்கேன். முப்பது வருஷமா வயிறெரிஞ்சவன் நான்தான். என்கிட்ட இருந்த ஒரு பொருளைப் பாத்து அவன் பொறாமைப்பட்டான்னு தெரிஞ்சதும்..." நிறுத்தினார். "சந்தோஷமா இருந்தது. ரெண்டு வாரம் வெச்சு அனுபவிச்சேன். கேட்டிருந்தா முடிஞ்சு போயிருக்கும்."

"அப்புறம் ஏன் போய் எடுத்தீங்க?"

"என் கேபிள் அவன் வீட்டுல இன்னும் நல்லா கேட்டுது. அதைப் பொறுத்துக்க முடியலை."

துப்பறிவாளர் எழுந்தார். "அவர் வீட்டம்மா மேல பழி போட்டிருக்கார். தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி போன் பண்ணினான். தெரியும்."

"தெரிஞ்சும் உட்கார்ந்து பாட்டுக் கேட்டீங்க."

 அவர்கள் படியிறங்கும்போது மேலே பாட்டின் சத்தம் மறுபடி கூடியது.

*

அவர்கள் திரும்பியபோது நாலே முக்கால். டாக்டரும் டீச்சரும் கூடத்தில், பெட்டிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். தங்கை மாடிப்படியின் நடுவில் நின்றிருந்தாள்.

துப்பறிவாளர் உட்காரவில்லை. கோடு, ஒடிந்த கோடு, வட்டப் பை, பவுடர், பத்து நாள் சாவி என்று ஆறே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

"இப்ப இந்த ரூம்ல இருக்கறது உங்க சொந்த கேபிள்தான் டாக்டர். ஒரு வருஷமா நீங்க கேட்டுட்டு இருந்ததுதான். அது சாகவும் இல்லை, கலையவும் இல்லை. நடுவுல ரெண்டு வாரம் அடுத்தவர் கேபிளைக் கேட்டீங்க. அதனாலதான் உங்களோடது செத்துப்போன மாதிரி இருக்கு."

டாக்டர் சுவரைப் பார்த்தார். "கடனா எடுத்தேன். திருப்பி வைக்கத்தான் இருந்தேன்."

"அதை உங்க சிநேகிதர்கிட்ட சொல்லுங்க. நான் சொல்ல வந்தது வேற. வெள்ளிக்கிழமை நீங்க இவங்களை நிஜமாவே சந்தேகப்பட்டீங்க. சரி. ஆனா இன்னைக்கு ரெண்டரை மணிக்கு நான் சிவப்புக் கோட்டைக் காட்டினப்பவே உங்களுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. உங்க முகத்துலயே தெரிஞ்சுது. அதுக்கப்புறமும் ரெண்டேகால் மணி நேரம் இவங்களை இந்தப் பெட்டி பக்கத்துல உட்கார வெச்சிருக்கீங்க."

டீச்சர் கணவரை நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை. பரீட்சைத் தாளில் கடைசி வரியில் விடை சரியாக வந்துவிடுமா என்று பார்க்கிற பார்வை அது.

"அண்ணா," என்றாள் தங்கை, படியிலிருந்து. "ஏதாவது சொல்லேன்."

டாக்டர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் காத்திருந்தார்கள். ரேடியோகூட.

"அவன் வீட்டுல," என்றார் டாக்டர், "பாட்டு ஓடிட்டு இருந்ததா?"

"இருந்தது," என்றார் துப்பறிவாளர்.

"எப்படி இருந்தது? என் ரூம்ல கேட்டதைவிட நல்லா இருந்ததா?"

துப்பறிவாளர் ரேடியோவை முறைத்தார். பயனில்லை.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? அந்தத் தீப்பெட்டி மேல கிடக்கற கேபிள்ல பாடறவங்க மூச்சு விடறது என்ன, பக்கத்துல யாரோ எச்சில் முழுங்கறதுகூடக் கேட்டுது. நீங்க இங்க கேட்டதெல்லாம் சும்மா."

டாக்டர் எழுந்தார். செருப்பு அலமாரியிலிருந்து ஷூவை எடுத்தார். ஒற்றைக் காலில் நின்று மாட்டினார். கயிறு கட்டவில்லை.

"எங்கே போறீங்க?" என்றார் டீச்சர்.

"ஒரே ஒரு பாட்டு. ஒரு தடவை என் காதால கேட்டுட்டு வந்துடறேன். இல்லைன்னா தூக்கம் வராது." வாசலைத் தாண்டிய பிறகு அவருக்கு ஏதோ நினைவு வந்தது. பாதி திரும்பினார். "உன் தம்பி வந்தா உட்காரச் சொல்லு. பேசிக்கலாம்."

அவர் போனார். ஷூக் கயிறுகள் படியில் அடிபடும் சத்தம் கேட்டது. பிறகு வெளி கேட் சாத்தும் சத்தம். பிறகு தெருவில் வேகமான நடை.

டீச்சர் எழுந்து வாசலுக்குப் போனார். டாக்டர் தெருமுனை திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். கதவைச் சாத்தினார். சாவியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு குதிகாலை உயர்த்தி, எட்டி, மேல்தாழ்ப்பாளையும் போட்டார்.